வெசா அமைப்புக்கு 75 ஹெர்ட்ஸ்வாசிகளின் மனு

அனுப்புநர்: மலிவு மானிட்டரில் கேம் ஆடுவோர்
பெறுநர்: தர நிர்ணயக் குழுவினர், வெசா, அமெரிக்கா
பொருள்: திரை கிழிதல் – நிவாரணம் கோருதல் – தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

கார் ஓட்டும் கேமில் வளைவில் சட்டென்று திரும்பினால் விளக்குக் கம்பம் இரண்டாகிறது. அடிப்பாதி ஓரிடத்தில், மேல்பாதி சற்றுத் தள்ளி. பழைய போஸ்டரின் மேல் புதுப் போஸ்டரைப் பாதி ஒட்டிவிட்டு டீ குடிக்கப் போன சுவர் மாதிரி, மேலே ஒரு கதாநாயகன் முகம், கீழே இன்னொருவர் வேட்டி.

காரணம் உங்களுக்குத் தெரியாததல்ல. மானிட்டர் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாக எழுதுகிறது. 60 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு சுற்றுக்கு 16.7 மில்லிவிநாடி. பாதி எழுதியிருக்கும்போது கிராபிக்ஸ் கார்டு அடுத்த ஃபிரேமைத் தள்ளிவிட்டால் மிச்சப் பாதியில் அதுதான் வரும். இருவரும் அவரவர் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறார்கள். யாருக்காக யார் காத்திருப்பது என்பதில்தான் தகராறு.

கார்டு காத்திருக்கட்டும் என்பது பழைய வைத்தியம். வி-சிங்க் என்று பெயர். ஃபிரேம் தயாராக 17 மில்லிவிநாடி ஆனால் போதும், அந்தச் சுற்று போச்சு. அடுத்ததற்கு நிற்க வேண்டும். நொடிக்கு 60 ஃபிரேம் ஒரே அடியில் 30 ஆகிவிடும். தயாரான ஃபிரேமை நிறுத்திவைக்க, இருக்கிற இரண்டு பஃபரோடு மூன்றாவதாக ஒன்று வைத்தால் இந்த வீழ்ச்சி கொஞ்சம் குறையும், ஆனால் மவுஸை அசைத்ததற்கும் துப்பாக்கி திரும்புவதற்கும் நடுவே உள்ள தாமதம் போகாது. கிழிசல் நிற்கும்; கூடவே நம் ஆளின் உயிரும் நிற்கும்.

மானிட்டர் காத்திருக்கட்டும் என்பது புது வைத்தியம். இது 2009-லேயே உங்கள் கையில் இருந்தது என்பதுதான் எங்கள் வயிற்றெரிச்சல். மடிக்கணினித் திரைக்கான தரத்தில், பேட்டரி மிச்சமாகட்டும் என்று எழுதிவைத்தீர்கள். மேசை மானிட்டரில் விளையாடுகிறவன் நினைவுக்கு வரவில்லை. 2013 அக்டோபரில் கிராபிக்ஸ் கார்டு நிறுவனமான என்விடியா இதே வைத்தியத்தை ஜி-சிங்க் என்று அறிவித்தது. மானிட்டருக்குள் தனியாக ஒரு சர்க்யூட், அதற்குத் தனி விலை. 2014 ஜனவரியில் அதன் போட்டியாளரான ஏஎம்டி ஃப்ரீசிங்க் என்று காட்டியது. அதற்குப் பிறகே, அந்த மே மாதம், மானிட்டர் இணைப்புக்கான உங்கள் டிஸ்ப்ளேபோர்ட் 1.2ஏ தரத்தில் அதை அடாப்டிவ்-சிங்க் என்ற பெயரில் சேர்த்தீர்கள். அதுவும் எப்படி? விருப்பப்பட்டவர்கள் செய்துகொள்ளலாம் என்று!

விருப்பத்துக்கு விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2019 ஜனவரி சாட்சி. அடாப்டிவ்-சிங்க் மானிட்டர்களில் 400-ஐச் சோதித்ததாகவும், தேறியவை 12 என்றும் என்விடியா சொன்னது. (தேர்வு வைத்தவர் எதிர்க்கடைக்காரர் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.)

சுவரில் மாட்டுவதற்கு மானிட்டரின் முதுகில் நான்கு துளை வைக்கச் சொன்னீர்களே, 100 மில்லிமீட்டர் இடைவெளியில், அது எவ்வளவு நேர்த்தி! யார் செய்த ஸ்டாண்டும் யார் செய்த மானிட்டரிலும் உட்காருகிறது. ஸ்கேல் வைத்து அளக்க முடிந்ததால் யாரும் ஏமாற்றவில்லை. ஃபிரேம் விஷயத்தில் எங்கள் கையில் ஸ்கேல் இல்லை.

அடாப்டிவ்-சிங்க் எந்த ஹெர்ட்ஸில் தொடங்குகிறது என்பதில்தான் எங்கள் பிழைப்பு இருக்கிறது. 48 முதல் 75 வரை என்றால், கேம் 40 ஃபிரேமுக்கு விழும் நொடியில் சலுகை ரத்து. ஒரே ஃபிரேமை இரண்டு முறை காட்டிச் சமாளிக்கும் வித்தை ஒன்று உண்டு. அதற்கு உச்ச அளவு அடி அளவைப் போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். 48-க்கு இரண்டு மடங்கு 96. எங்களிடம் இருப்பது 75. ஆக, ஃபிரேம் தாராளமாக ஓடுகிறவனுக்குக் குடை, நனைகிறவனுக்கு இல்லை.

2022-ல் சான்றிதழ் முத்திரை கொண்டுவந்தீர்கள். ஐம்பதுக்கு மேற்பட்ட சோதனைகள், சபாஷ். 60 முதல் 144 ஹெர்ட்ஸ் வரையாவது இருந்தால்தான் உள்ளே அனுமதி. மற்றவர்களுக்கு மீடியாசிங்க் என்று வேறொரு முத்திரை. அது படம் பார்க்க. எங்களைப் பார்த்து, விளையாட்டை விட்டுவிட்டுச் சினிமா பார் என்கிறீர்கள் போலும்.

இப்போதைக்கு நாங்களே பார்த்துக்கொள்ளும் கைவைத்தியம் இது: மானிட்டர் மெனுவில் அடாப்டிவ்-சிங்க்கைப் போட வேண்டும். விண்டோஸில் ஹெர்ட்ஸைச் சரிபார்க்க வேண்டும். 144 ஹெர்ட்ஸ் வாங்கி 60-லேயே ஓட்டுகிற புண்ணியவான்கள் ஏராளம். டிரைவரில் மறுபடி அனுமதி. ஃபிரேமை உச்சத்துக்கு மூன்று குறைத்துக் கட்ட வேண்டும், 75-க்கு 72. கடைசியில், தப்பித்தவறி மேலே போனால் பிடித்துக்கொள்ள, வேண்டாமென்று தலைமுழுகிய அதே வி-சிங்க்கை டிரைவரில் போட்டுவைக்க வேண்டும்.

எங்கள் கோரிக்கை ஒன்றே. உச்ச ஹெர்ட்ஸைப் பெட்டி கொள்ளாத எழுத்தில் அச்சிடுகிறவர்கள், அடி ஹெர்ட்ஸையும் அதே அளவு எழுத்தில், அதன் பக்கத்திலேயே அச்சிட வேண்டும் என்று விதி செய்யுங்கள். இந்த முறை விருப்பத்துக்கு விடாதீர்கள்.

இப்படிக்கு,
75 ஹெர்ட்ஸ்வாசிகள்

இணைப்பு: ஆதாரப் படம் இல்லை. கிழிசல் ஸ்கிரீன்ஷாட்டில் விழாது. அதில் ஃபிரேம் எப்போதும் முழுசாகத்தான் இருக்கிறது.