திறக்காத சன்னல்

வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வெயிலைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுற்றிலும் பாறை மலைகள். பாலாற்றில் தண்ணீரைவிட மணலைப் பார்த்த நாள்கள்தான் அதிகம். பகலெல்லாம் காய்ந்த பாறை, விளக்கு வைத்த பிறகும் அனலடிக்கும். எழுபதுகளில் அங்கே ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். மின்விசிறி கிடையாது. தலைமையாசிரியர் அறையில் மட்டும் ஒரு குண்டு பல்பு எரியும்.

ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தைக் கட்டியவருக்கு வெயிலைத் தெரிந்திருந்தது. சுண்ணாம்புக் காரை பூசிய கனத்த சுவர். அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் நாட்டு ஓட்டுக் கூரை. மேலே ஏறும் சூடு ஓட்டு இடுக்குகள் வழியாக வெளியேறிவிடும். தெற்கிலும் மேற்கிலும் அகலமான தாழ்வாரம் இருந்ததால் பிற்பகல் வெயில் சுவரைத் தொடவே தொடாது. சன்னல்கள் எதிரெதிராக இருந்தன. அதிலும் தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் தோள் உயரத்தில் தொடங்கின. காற்று எங்கள் மேல் பட்டுத்தான் போகும். கீழே கடப்பைக் கல். மதியம் சாப்பிட்ட பிறகு அதில் கன்னத்தை வைத்துப் படுத்தால் கிடைத்த குளிர்ச்சி இன்றும் நினைவிருக்கிறது.

தாழ்வாரத்து மூலையில் ஆற்று மணலைக் கொட்டி, அதன்மேல் இரண்டு மண்பானைகள் வைத்திருப்பார்கள். ஆயா காலையிலேயே ஊற்றுத் தண்ணீர் கொண்டுவந்து நிரப்பிவிட்டு மணலையும் நனைத்துவிடுவார். யாரும் கேட்டுவிட்டுத் தண்ணீர் குடித்ததில்லை. தாகம் எடுத்தால் எழுந்து போவோம், டீச்சர் பாடத்தை நிறுத்தமாட்டார்.

அந்த டீச்சரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். கணக்கையெல்லாம் காலையிலேயே முடித்துவிடுவார். பிற்பகலில் வெக்கை ஏறியதும், "எல்லாரும் சிலேட்ட எடுத்துக்கிட்டு மரத்தடிக்கு வாங்க" என்பார். பள்ளிக்குப் பின்னால் பெரிய புங்கமரம் நின்றது. புங்க நிழலின் அருமை தெரிந்த ஊர் எங்கள் ஊர். அங்கே வாய்ப்பாடு, கதை, பாட்டு. காற்று அசையாத நாளில் கைக்குட்டையை நனைத்துப் பின்கழுத்தில் போட்டுக்கொள்ளச் சொல்வார். அதற்கெல்லாம் அவர் யாரிடமும் அனுமதி வாங்கவில்லை. தன் வகுப்புப் பிள்ளைகளுக்கு வெயில் தாங்கவில்லை என்று தீர்மானிக்கும் உரிமை அவரிடம் இருந்தது.

பழைய பள்ளிக்கூடமெல்லாம் சொர்க்கம் என்று சொல்ல நான் வரவில்லை. அதே ஊரில் உயர்நிலைப் பள்ளிக்குப் போனபோது தகரக் கொட்டகையில் உட்கார்ந்தேன். பங்குனி மாதப் பிற்பகலில் அது வகுப்பறை அல்ல, தண்டனை. கீற்றுக் கொட்டகை குளிர்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சத்துணவுக்கூடத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகள் கருகிப்போன பிறகு, கீற்றின் குளிர்ச்சியைப் புகழ எந்த ஆசிரியருக்கும் வாய் வராது. அதன்பின் பள்ளிகளில் கீற்று இறங்கியது, இறங்கத்தான் வேண்டும். ஆனால் அது இறங்கிய பல இடங்களில் தகரமும் கல்நார்த் தகடும் ஏறின. தீயிலிருந்து பிள்ளைகளைக் காத்த நாம், வெக்கையிலிருந்து காப்பதை அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும்.

இப்போது நான் வேலை பார்ப்பது சென்னையில் ஒரு தனியார் பள்ளியில். வகுப்புகள் எல்லாம் ஏசி. 2023-இல் வெயில் காரணமாகப் பள்ளித் திறப்பு தள்ளிப்போய், ஆறாம் வகுப்பு முதல் மேலே உள்ளவர்களுக்கு ஜூன் 12-ஆம் தேதிதான் பள்ளி தொடங்கியது. அந்த வாரத்தில் ஒரு நாள் பதினொரு மணிக்கு மின்மாற்றி பழுதாகிக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஓடியது. அது விளக்குக்கும் அலுவலகத்துக்கும் கம்ப்யூட்டர் அறைக்கும் லிஃப்டுக்கும்தான் தாங்கும். ஏசிக்குத் தாங்காது.

எங்கள் வகுப்பு மேல்மாடி. தலைக்கு மேலே வெறும் கான்கிரீட் தளம். காலையில் வாங்கிய வெயிலை அது மதியத்துக்கு மேல்தான் உள்ளே இறக்கும். ஏசி வந்தபோது பொய்க்கூரை போட்டுப் பழைய மின்விசிறிகளைக் கழற்றிவிட்டார்கள். சன்னல்களை எடுத்துவிட்டு, திறக்க முடியாத கண்ணாடி பொருத்தினார்கள். அந்தக் கண்ணாடி கிழக்கு பார்த்தது. சென்னையில் கோடைப் பிற்பகலில் கடல்காற்று வரும் திசை அதுதான். அன்றும் வந்தது. வெளியே தென்னை ஓலை ஆடியதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தோம்.

உள்ளே நாற்பது பிள்ளைகள். சுவரில் மாட்டும் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை, அறைக்குள் இருக்கும் காற்றையேதான் சுற்றிச் சுற்றிக் குளிரவைக்கிறது. அது நின்றதும், நாற்பது உடம்பின் சூடும் நாற்பது பேர் விட்ட மூச்சின் ஈரமும் போக வழியின்றித் தேங்கின. உடம்பு குளிர்வது வியர்ப்பதால் அல்ல, வியர்வை உலர்வதால். காற்றில் ஈரம் நிறைந்து, அந்தக் காற்றும் அசையாமல் நின்றால் வியர்வை வழியுமே தவிர உலராது. வேலூரின் வறண்ட வெயிலில் நனைந்த கைக்குட்டை செய்த வேலையை இங்கே எதுவும் செய்யாது. "மிஸ், மூச்சு முட்டுது மிஸ்" என்று முதலில் ஒரு பையன் சொன்னான். பிறகு ஒரு பெண் மேசையில் தலை சாய்த்தாள். நெற்றியைத் தொட்டேன், கொதித்தது. டை, சாக்ஸ், ஷூ, சட்டைக்கு மேல் ஒரு கோட்டு.

கீழே மரநிழலுக்குக் கூட்டிப்போகிறேன் என்று அலுவலகத்தில் கேட்டேன். "பெற்றோர் ஏசிக்கும் சேர்த்துத்தான் ஃபீஸ் கட்டறாங்க. வெளியே உட்கார வெச்சா என்ன ஏதுன்னு கேப்பாங்க" என்று பதில் வந்தது. நான் கூட்டிப்போனேன். டையைக் கழற்றச் சொன்னேன், சாக்ஸையும்தான். அந்தப் பெண்ணின் முகத்தையும் கைகளையும் நனைத்துவிட்டு, விசிறிக்கொண்டே சிறிது சிறிதாகத் தண்ணீர் குடிக்கவைத்தோம். கொஞ்ச நேரத்தில் தெளிந்தாள்.

ஏசி வேண்டாம் என்பது என் கட்சி அல்ல. அமெரிக்காவில் பிஎஸ்ஏடி என்ற தேர்வை ஒன்றுக்கு மேற்பட்ட முறை எழுதிய சுமார் 1 கோடி மாணவர்களின் மதிப்பெண்களை ஆராய்ந்து, ஜோஷுவா குட்மேனும் அவருடைய சகாக்களும் 2020-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். குளிர்சாதனம் இல்லாத பள்ளிகளில், பள்ளியாண்டின் வெப்பம் 1 டிகிரி ஃபாரன்ஹீட் கூடினால் அந்த ஆண்டின் கற்றல் ஏறத்தாழ 1 சதவீதம் குறைகிறது என்பது அவர்கள் கண்டது. குளிர்சாதனம் அந்த இழப்பைப் பெரும்பாலும் ஈடுகட்டியது. வெயில் படிப்பைத் தின்கிறது என்பது கரும்பலகை முன்னால் நின்ற எவருக்கும் தெரியும். என் வருத்தமெல்லாம் ஏசி வந்ததும் மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிட்டோமே என்பதுதான். வீட்டில், வேனில், வகுப்பில் என்று எங்கும் குளிரில் இருக்கும் பிள்ளையின் உடம்பு வெயிலுக்குப் பழகியிருக்காது. பழக ஒன்றிரண்டு வாரமாவது ஆகும். அப்படிப்பட்ட பிள்ளையைத் திறக்காத அறையில் உட்காரவைத்துவிட்டு, கரண்ட் போகாது என்ற நம்பிக்கையில் பள்ளி நடத்துகிறோம்.

தண்ணீர் விஷயம் இதைவிட வேதனை. பிள்ளைகளைத் தண்ணீர் குடிக்கவைக்கத் தனியாக மணி அடிக்கும் வழக்கம் 2019-இல் கேரளத்தில் தொடங்கியது, பிறகு இங்கும் வந்தது. நல்ல காரியம். ஆனால் மணி அடித்தாலும் பெண்பிள்ளைகள் ஒரு வாய்க்கு மேல் குடிப்பதில்லை. காரணம் எல்லா ஆசிரியைகளுக்கும் தெரியும்: அந்தக் கழிப்பறைக்குப் போக அவர்களுக்கு மனமில்லை. ஆகவே வெயில்காலம் முழுக்க அடக்கிக்கொள்கிறார்கள். கழிப்பறையைக் கழுவாமல் மணியை மட்டும் அடித்து என்ன பயன்?

அந்த ஜூனுக்குப் பிறகு நாங்கள் சில ஆசிரியைகள் சேர்ந்து நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்தோம். வகுப்புக்கு இரண்டு சன்னலாவது கொசுவலையோடு திறக்கிற மாதிரி மாற்ற வேண்டும். ஜெனரேட்டரில் ஓடும் மின்விசிறிகள் வேண்டும். மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். மார்ச் முதல் ஜூன் வரை டையும் சாக்ஸும் கூடாது. கழிப்பறையை ஒவ்வோர் இடைவேளைக்குப் பிறகும் கழுவ வேண்டும். எந்த நேரத்திலும் பிள்ளைகளை நிழலுக்குக் கூட்டிப்போகும் முடிவு வகுப்பாசிரியருடையதாக இருக்க வேண்டும்.

சுண்ணாம்பு அடித்தார்கள். மேல்மாடியில் வித்தியாசம் தெரிகிறது. விசிறிகளும் வந்துவிட்டன. டையை விட்டார்கள், சாக்ஸை விடவில்லை. கழிப்பறைக்குக் கூடுதலாக ஓர் ஆள் போட்டிருக்கிறார்கள், போதவில்லை. சன்னலுக்கு மதிப்பீடு வாங்கி வைத்திருப்பதாகச் சொல்கிறார்கள். கடைசிக் கோரிக்கைக்கு இதுவரை பதில் இல்லை. அடுத்த கூட்டத்தில் அதைத்தான் முதலில் கேட்கப்போகிறேன்.