டேப்பின் மறுமுனை

தெருவில் கார்களைக் குறைத்தே தீருவதென்று கங்கணம் கட்டிக்கொண்ட பெரியவரிடம் ஒரு மகஜர் இருக்கும், ஒரு விசில் இருக்கும். அவை மன்னிக்கத் தக்கவை. மன்னிக்க முடியாதது அவர் சட்டைப் பையைக் கனக்கச் செய்யும் எஃகு டேப். பால் வாங்கப் போகிறவராயினும், பிரதோஷத்துக்கு விரைகிற மாமியாயினும், அவ்வழியே வரும் சகல ஜீவன்களையும் நிறுத்தி, "இந்த முனையைச் சித்தே பிடிச்சுக்கோங்கோ" என்று சாந்தமாக வேண்டி, வேகத்தடையின் ஓரத்தில் குனிய வைத்துவிடுவது அவருக்கு நித்திய கர்மம்.

குனிந்தவருக்கு உபதேசமும் உண்டு. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் விதித்தபடி, வண்டிகள் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க வேண்டுமானால், வேகத்தடையானது 3.7 மீட்டர் அகலமும் நடுவில் 10 சென்டிமீட்டர் உயரமுமாக மெல்ல எழுந்து மெல்லத் தாழ வேண்டுமாம். ஒப்பந்தக்காரர் ராவோடு ராவாகத் தாரைக் கொட்டி எழுப்பிவிட்டுப் போன வஸ்துவோ, பிரசவத்துக்குப் போகிற ஆட்டோவை ஆஸ்பத்திரி வரையில் போகவிடாது. நேற்றைய அளவுதான் இன்றும் இருக்கும் என்பதை அவர் அறியாதவரல்லர்; ஆயினும் கல்லும் தாரும் இரவோடிரவாக மனம் திருந்தியிருக்கலாமென்ற நம்பிக்கை அவரை விடுவதில்லை.

பரிகசிப்பது சுலபம். ஆனால் மெட்ரோ ரயிலுக்காக ஆர்.கே. மட் சாலையைத் தோண்டத் தொடங்கியதிலிருந்து, அதில் போக வேண்டிய கார்களெல்லாம், கைப்பேசி காட்டும் குறுக்கு வழியே கதியென்று மந்தைவெளித் தெருக்களில் புகுந்து, கோலம் போடுகிறவளின் காலில் ஏறாத குறையாகப் பறக்கின்றன. பிள்ளைகள் கிரிக்கெட் மட்டையோடு மொட்டை மாடிக்குக் குடிபோய்விட்டார்கள். சம்பளம் வாங்குகிறவர்கள் அளக்க வேண்டியதை முழங்கால் வலிக்காரரான ஒரு பென்ஷன்தாரர் ஏன் அளக்க வேண்டும்? அவருடைய மகஜருக்கு ஒரு வரி பதில் எழுதினால் என்ன குடிமுழுகிப் போய்விடும்?

சென்ற வாரம் முனையைப் பிடிக்க ஓர் ஆத்மாவும் அகப்படவில்லை. நாங்களெல்லாம் சமயோசிதமாக ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தோம். பெரியவர் அயரவில்லை. வேகமாக வந்த காரொன்றைக் கைகாட்டி நிறுத்தி, கண்ணாடியை இறக்கச் செய்து, பிறகு உள்ளேயிருந்த டை கட்டிய கனவானையும் இறக்கி, முனையை அவர் கையில் கொடுத்துவிட்டார். பின்னால் வண்டிகள் தெருமுனை வரையில் நின்று அலறின. அவர் அகலத்தை அளந்தார், உயரத்தை அளந்தார், சந்தேகம் வந்து மறுபடியும் அகலத்தை அளந்தார்; அதற்குள் கடைசியில் நின்றவர்கள் ஒவ்வொருவராக ரிவர்ஸ் எடுத்துப் பெரிய சாலைக்கே திரும்பிவிட்டார்கள்.