கல்யாண வீடியோவைக் கண்ணைக் கட்டிக்கொண்டு வெட்டுவது: கரிசல் நாட்டு உறவுமுறை நோக்கில் ஓர் ஆய்வு

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட வானம் பார்த்த பூமியில் சொந்தபந்தம் முறிவதற்கான காரணங்களை மூன்றாக வகுக்கலாம்: வரப்பு, வாய்க்கால், செய்முறை. வாய்க்காலில் தண்ணீர் வந்து எத்தனையோ காலம் ஆயிற்று, சண்டை மட்டும் வற்றவில்லை. இம்மூன்றோடு நான்காவது ஒன்றும் உண்டு. கல்யாண வீடியோவில் யாரை எவ்வளவு நேரம் காட்டினார்கள் என்பதே அது. இந்நோய்க்கு மருந்து மவுஸில் இல்லை, கட்டளை வரியில் இருக்கிறது என்பது இவ்வாய்வின் துணிபு.

திரையில் ஒரு முகம் நிற்கும் நேரத்துக்கு என்ன மதிப்பு என்று இந்த ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 1977-இல் எம்.ஜி.ஆரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பி முதலமைச்சராக்கிய தொகுதி அருப்புக்கோட்டை.

முதலில் நோயின் வேர். ஸ்டுடியோவில் உட்கார்ந்து ‘மிக்சிங்’ செய்கிற தம்பி முகங்களைப் பார்த்து வெட்டுகிறான். பார்த்தால் ஆள் தெரியும். ஆள் தெரிந்தால் பட்சபாதம் வரும். வராவிட்டாலும் வந்ததாகச் சொல்வார்கள். பென்டிரைவ் வீடு போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலமே கடை வாசலில் வழக்கு வந்துவிடும்: “ஏப்பா தம்பி, நான் மாப்பிள்ளைக்குச் செயின் போட்டதையே காணோம். அவிங்க சித்தப்பன் சும்மா கை குடுத்ததுக்கு அம்புட்டு நேரமா?” இக்கேள்விக்கு எந்தத் தம்பியிடமும் பதில் இல்லை.

இனிக் கருவி. எஃப்எஃப்எம்பெக் என்பது 2000-இல் ஃபாப்ரிஸ் பெல்லார் என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கிய இலவச நிரல். அதற்கு முகம் காட்டும் திரை கிடையாது, இழுத்துப் பார்க்க டைம்லைன் கிடையாது. கறுப்புப் பெட்டியில் ஒரு வரி தட்டுகிறோம், அது வெட்டுகிறது. அதன் குலமுதல்வர்கள் நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவர். படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாக்கி, கண் கவனிக்காத நுணுக்கங்களைக் கழித்துவிட வழிசெய்யும் கொசைன் டிரான்ஸ்ஃபார்ம் கணக்கை 1974-இல் வெளியிட்டவர்கள் இவர்களே. நடராஜன் என்ற பெயரில் எங்கள் பக்கம் தெருவுக்கு இருவர் இருப்பதால் இக்கலையே நம்முடையது என்று நிறுவிவிட ஆசைதான். பக்கக் கட்டுப்பாடு கருதி விடுகிறேன்.

ஆய்வின் நடு முடிச்சு கீ ஃப்ரேம். வீடியோவில் எல்லா ஃப்ரேமும் முழுப்படம் அல்ல. எப்போதாவது ஒன்றுதான் முழுப்படம், மற்றவை அக்கம்பக்கத்து ஃப்ரேமிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்பு மட்டுமே. வீடியோவைச் சுருக்கி எழுதும் எக்ஸ்264 என்கோடரிடம் யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் அதிகபட்சம் 250 ஃப்ரேமுக்கு ஒரு முழுப்படம் வைக்கும். நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் 10 நொடி. காட்சி சட்டென்று மாறினால் நடுவிலும் ஒன்று வைக்கும். ஆனால் செய்முறை நடக்கும் மேடையில் காட்சி எங்கே மாறுகிறது? கேமரா ஸ்டாண்டில் நிற்கிறது, பின்னால் அதே ஜிகினாத் திரை, முன்னால் அதே வேர்த்துப்போன மாப்பிள்ளை.

கோப்பின் பெயருக்கு முன்னால் ‘எஸ்எஸ்’ என்று நேரத்தையும், ‘டி’ என்று நீளத்தையும் கொடுத்து ‘சி காப்பி’ என்று சேர்த்தால், நிரல் எதையும் மறுபடி என்கோடு செய்யாமல் அப்படியே பிரதி எடுக்கும். ஆறு மணி நேர வீடியோவானாலும் காப்பி ஆறுவதற்குள் துண்டு தயார். ஆனால் முழுப்படம் இல்லாத இடத்தில் தொடங்க அதற்கு வழியில்லை. ஆகவே சொன்ன இடத்துக்கு முன்னால் உள்ள கீ ஃப்ரேமுக்குப் பின்வாங்கித் தொடங்கும். இதன் சமூகவியல் விளைவை இதுவரை எவரும் கவனித்ததாகத் தெரியவில்லை: அது தொடக்கத்தில் யாரையும் குறைப்பதே இல்லை, முன்னால் நின்றவரைக் கூடுதலாகச் சேர்க்கிறது. தாய்மாமன் மோதிரம் போடுகிற துண்டில் அவருக்கு முன்னால் மேடையை விட்டு இறங்காமல் நின்ற பெரியப்பாவும் ஏழெட்டு நொடி வந்துவிடுவார். இது யார் செய்த சலுகையும் அல்ல. சில பிளேயர் அந்தக் கூடுதலை மறைக்கும், சில காட்டும். மாமா வீட்டு டிவியில் தெரிகிற பெரியப்பா அத்தையின் போனில் தெரியமாட்டார். கேட்டால் “கீ ஃப்ரேம்ணே” என்ற ஒரே பதில் போதும். முகமில்லாத ஒன்றோடு யாரும் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொள்ள முடியாது.

துல்லியமாக வெட்டவே முடியாதோ எனின், முடியும். ‘காப்பி’யை நீக்கி மறுபடி என்கோடு செய்தால் சொன்ன ஃப்ரேமிலேயே நிற்கும். நேரம் பிடிக்கும், தரமும் சற்றுத் தேயும். இச்செய்தியை உறவினர் காதில் போடலாகாது.

கட்டளை வரியின் உண்மையான வீரியம் எண்ணிக்கையில் இருக்கிறது. மொய் நோட்டில் ஊர், பெயர், தொகை என்று மூன்று பத்திகள் ஏற்கெனவே உண்டு. நான்காவதாக நேரம் என்று ஒன்றைச் சேர்த்து, வரிவரியாகப் படித்து வெட்டும் சின்ன லூப் ஒன்று எழுதினால், மொய் செய்த ஒவ்வொருவருக்கும் அவரவர் துண்டு தனிக்கோப்பாக வந்துவிழும். நூறு ரூபாய்க்கும் பத்தாயிரத்துக்கும் ஒரே நீளம். இப்படியொரு சமத்துவத்தை எந்தக் கல்யாண மண்டபமும் இதற்குமுன் கண்டதில்லை. மதுரை, தேனிப் பக்கம் மொய்யைக் கம்ப்யூட்டரில் பதிந்து ரசீதே கொடுக்கிறார்கள், நேரத்தைப் பதிவதும் பெரிய காரியமல்ல. இடையூறு ஒன்றே: மேடையில் கை கொடுத்த நேரமும் மொய் மேசைக்கு வந்த நேரமும் ஒன்றல்ல. நடுவில் பந்தி இருக்கிறது. ஒருவர் ரசத்தோடு எழுந்துவிடுவார், இன்னொருவர் இரண்டாவது பாயசத்துக்குக் காத்திருப்பார். இந்த இடைவெளியைச் சரிசெய்யும் கட்டளையை எவரும் இன்னும் எழுதவில்லை.

ஒலி பற்றிச் சிறிது. கோப்புக்குள் படமும் ஒலியும் பாவும் ஊடையும் போலத் தனித்தனி இழைகள். அருப்புக்கோட்டை நெசவாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேண்டிய இழையை மட்டும் உருவிக்கொள்ளலாம். மௌனமான இடங்களைத் தானே கண்டு நீக்கும் ‘சைலன்ஸ்ரிமூவ்’ என்ற வடிகட்டியும் உண்டு. 1879-இல் ரமணர் பிறந்த திருச்சுழியில் மௌனத்தை நீக்க ஒரு கருவி கொண்டுபோவது அபச்சாரம் ஆகாதா என்று கேட்கலாம். ஆகாது. கூம்புக் குழாய் கட்டிய கல்யாணத்தில் அதற்கு அகப்பட மௌனம் ஏது? ஒலியளவைச் சமன்செய்யும் ‘லவுட்நார்ம்’ ஓரளவு உதவும். கெட்டிமேளம் கொட்டிய நொடியில் மைக் தாங்காமல் உச்சி நறுக்கப்பட்டுப்போன அலையை மட்டும் அது ஒட்டவைக்காது.

கடைசியாக, மேற்சொன்ன துணிபுக்கே எதிராக நிற்கும் ஒரு சான்றையும் நேர்மை கருதிச் சொல்ல வேண்டும். எஃப்எஃப்எம்பெக் இருக்கிற கோப்பைத் தொட்டுத் திருத்தாது. உள்ளே போகும் கோப்புக்கும் வெளியே வரும் கோப்புக்கும் ஒரே பெயரைக் கொடுத்தால் மறுத்து வெளியேறிவிடும். எத்தனை முறை வெட்டினாலும் முழு வீடியோ ஹார்டு டிஸ்கில் அப்படியே கிடக்கும். கரிசல் காட்டு மாமன்மார்களுக்கு இது எப்படியோ தெரிந்திருக்கிறது. கீ ஃப்ரேம் தத்துவத்தை முழுக்கப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு சொல்வார்கள்:

“அதெல்லாம் சரி தம்பி. ஒரிஜினல் இருக்குல்ல? அதைப் போடு, பாப்போம்.”