பெயர் ஒன்று, ஆள் வேறு

கே: எழுத்தாளர் சுஜாதா ஏன் மனைவியின் பெயரில் எழுதினார்?

ப: சொந்தப் பெயர் ரங்கராஜன். குமுதத்தில் ஏற்கெனவே ரா.கி.ரங்கராஜன் இருந்தார். குழப்பம் வேண்டாமென்று மனைவி பெயரை எடுத்துக்கொண்டார். பிறகு 'அவள் ஒரு தொடர்கதை' (1974) வந்தது, நடிகை சுஜாதாவை ஊரே கொண்டாடியது. பாடகி சுஜாதாவும் வந்து சேர்ந்தார். நெரிசலுக்குப் பயந்து அடுத்த தெருவில் நுழைந்தால் அங்கே தேர் வருகிறது!

கே: எம்.ஜி.ஆருக்கே பெயர்ச் சிக்கல் இருந்ததாமே?

ப: ஆமாம். 'சபாபதி' (1941) ஓடிய ஓட்டத்தில் ராமச்சந்திரன் என்றால் டி.ஆர்.ராமச்சந்திரன்தான். அதனால் எம்.ஜி.ஆர். சில காலம் எம்.ஜி.ராம்சந்தர். 1966-ல் 'அன்பே வா'வில் இருவரும் சேர்ந்தே நடித்தார்கள். அதற்குள் எம்.ஜி.ஆருக்கு மூன்றெழுத்தே போதுமானதாகிவிட்டது.

கே: சௌகார் ஜானகிக்கு 'சௌகார்' எங்கிருந்து வந்தது?

ப: 1950-ல் எல்.வி.பிரசாத் இயக்கிய 'ஷாவுகாரு' என்ற தெலுங்குப் படத்திலிருந்து. அவருக்கு அதுதான் முதல் படம். அப்போது வி.என்.ஜானகி பெயர்பெற்ற கதாநாயகி. பின்னாளில் தமிழ்நாட்டின் முதல் பெண் முதல்வர். 'கொஞ்சும் சலங்கை'யில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரத்துக்கு ஈடுகொடுத்துப் பாடியவர் எஸ்.ஜானகி. மூவரில் யாரும் யாருக்கும் இளைத்தவரில்லை.

கே: சுப்புலட்சுமி என்றால் எம்.எஸ். ஒருவர்தானே?

ப: இல்லவே இல்லை. எம்.எஸ். நடித்த முதல் படம் 'சேவாசதனம்' (1938). அதை இயக்கிய கே.சுப்ரமணியத்தின் மனைவி எஸ்.டி.சுப்புலட்சுமி, அதற்கு முன்பே 'பவளக்கொடி'யில் பாகவதருக்கு ஜோடி. பிரிட்டிஷ் அரசு தடைசெய்த 'தியாகபூமி'யின் நாயகியும் அவரே.

நான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புவது மூன்றாமவரை: சகோதரி சுப்புலட்சுமி. பிறந்தது 1886-ல். சிறுமியாக இருக்கும்போதே கணவரை இழந்தார். மூலையில் உட்கார வேண்டியவள் என்று ஊர் சொன்ன காலம் அது. அவரோ மாநிலக் கல்லூரியில் படித்து 1911-ல் பி.ஏ. பட்டம் வாங்கினார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்து விதவை அவர்தான். தான் மட்டும் தப்பித்தால் போதும் என்று இருக்கவில்லை. இளம் விதவைகளுக்கு இல்லம் தொடங்கி, கடற்கரை ஐஸ் ஹவுஸில் தங்கவைத்து, படிக்கவைத்து, ஆசிரியைகளாக்கினார். இன்று அந்தக் கட்டடம் விவேகானந்தர் இல்லம். அந்தப் பக்கம் போனால் பிள்ளைகளுக்கு இவர் பெயரையும் சொல்லுங்கள். எம்.எஸ்.ஸைத் தெரிந்த வீட்டில் இவரைத் தெரியாமலிருப்பது பெரிய இழப்பு.

கே: நெல்லிக்கனி வாங்கிய ஔவைதானே ஆத்திசூடி பாடினார்?

ப: வேறு ஔவை. அதியமானின் தோழி சங்க காலத்தவர். அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது போன துணிச்சல்காரி. ஆத்திசூடி பாடியவர் பல நூற்றாண்டுகள் பிந்தியவர். இருவரையும் ஒரே கிழவியாக்கிக் கையில் கோலைக் கொடுத்துவிட்டோம். பெரும்புலவர்கள் இருவர் இருந்தும் ஒருவரை இழந்து நிற்கிறோம்.

கே: ஊர்ப் பெயரைச் சேர்த்துவிட்டால் குழப்பம் தீருமா?

ப: கல்யாணசுந்தரம் என்றால் திரு.வி.க.வா, பாட்டெழுதியவரா என்று கேட்பார்கள். பட்டுக்கோட்டை என்றாலோ கவிஞரோடு நாவலாசிரியர் பிரபாகரும் வருவார், திராவிட இயக்கப் பேச்சாளர் அழகிரியும் வருவார். கலைஞர் தம் மகனுக்கு அழகிரி என்று பெயர் வைத்தது இந்தப் பேச்சாளரின் நினைவாகத்தான்.