கப்பி ரோட்டைத் தேடி அலையும் ஊர்

வான் நகரம், பிரிட்டனி, பிரான்ஸ்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

போனில் பேசினால் பாதிப் பேச்சில் டவர் போய்விடுகிறது. மீதிப் பேச்சுக்கு நீங்கள் பாறைமேல் ஏற வேண்டியிருக்கிறது. இந்த வயதில் அது வேண்டாம் என்றுதான் கடிதம்.

முதலில் அந்தப் போட்டோ விவகாரம். முழங்கால் வரைக்கும் சேறும், முகம் நிறையச் சிரிப்புமாக நான் சைக்கிளோடு நிற்பதைப் பார்த்துவிட்டு, “கம்பெனிக்காரன் கார் குடுக்கலையா? பஸ்ஸாவது வருதா இல்லையா அந்த ஊருக்கு?” என்று கேட்டிருந்தீர்கள். பஸ் வருகிறது. ரயிலும் வருகிறது. அந்தச் சேற்றுக்குள் நானேதான் விரும்பிப் போனேன். இதற்கு இங்கே கிராவல் சைக்கிள் ஓட்டுவது என்று பெயர். நல்ல தார் ரோட்டில் போய்க்கொண்டிருக்கும்போதே இறங்கி, ஜல்லி, கப்பி, களிமண், மாட்டுச்சாணி எல்லாம் எந்த வழியில் கிடக்கிறதோ அந்த வழியாக ஓட்டுவது. நம் மலையில் இதைப் பள்ளிக்கூடம் போவது என்போம். இங்கே விளையாட்டு. 2022-லிருந்து உலக சாம்பியன் பட்டத்துக்கே போட்டி நடக்கிறது.

நீங்கள் சைக்கிள் கடைக்காரர், வண்டியைப் பற்றிச் சொல்லாவிட்டால் கடிதத்தை மடித்து வைத்துவிடுவீர்கள். ஹேண்டில்பார் ஆட்டுக்கடாக் கொம்பு மாதிரி வளைந்திருக்கும். டயர் நாற்பது, நாற்பத்தைந்து மில்லிமீட்டர் அகலம். டிஸ்க் பிரேக். மற்றபடி மட்கார்டு இல்லை, கேரியர் இல்லை, ஸ்டாண்டு இல்லை, செயின் கவர் இல்லை, டைனமோ இல்லை. ஒரு சைக்கிளுக்கு என்னென்ன வேண்டும் என்று நீங்கள் சொல்லிக் கொடுத்தீர்களோ அதில் ஒன்றும் இல்லை, விலை மட்டும் இருக்கிறது. சுமாரான வண்டியே இரண்டாயிரம் யூரோ. ஒரு யூரோ ஏறக்குறைய நூறு ரூபாய். சித்தியிடம் பெருக்கிக் காட்ட வேண்டாம். என்னுடையது செகண்ட் ஹேண்ட்.

இதைவிடப் பெரிய அதிசயம், டயருக்குள் டியூபே கிடையாது. ரிம்மும் டயரும் காற்றுப் போகாமல் கவ்விக்கொள்கின்றன. வால்வு வழியாக வெள்ளையாக, பால் மாதிரி ஒன்றை ஊற்றிவிடுகிறார்கள். முள் குத்தினால் புஸ்ஸென்று சத்தம் வரும். அந்தப் பால் ஓட்டைக்கு ஓடிப்போய் உறைந்து அடைத்துவிடும். நீங்கள் தொட்டித் தண்ணீரில் டியூபை முக்கி, கொப்புளம் வரும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, உப்புத்தாள் தேய்த்து, சொல்யூஷன் தடவி, வாயால் ஊதிக் காயவைத்து ஒட்டுவீர்களே, அத்தனையையும் ஒரு கரண்டிப் பால் ஓட்டத்திலேயே செய்துவிடுகிறது. உங்கள் தொழிலுக்கு ஆபத்து என்று கவலைப்பட வேண்டாம். நாலைந்து மாதத்தில் அது காய்ந்துபோகும். அப்புறம் டயரைக் கழற்றிச் சுரண்டி, புதிதாக ஊற்ற வேண்டும். அதற்கு இங்கே கடைக்காரர் வாங்கும் கூலியைக் கேட்டால் நீங்கள் அடுத்த விமானத்தில் வந்து இறங்கிவிடுவீர்கள்.

இந்தப் பக்கத்து மக்களுக்கு இந்தப் பைத்தியம் புதிதல்ல. லன்னிலிஸ் என்ற ஊரில் 1984 முதல் ஒரு பந்தயம் நடக்கிறது. பெரிய பெரிய தொழில்முறை வீரர்களையெல்லாம் வயல்வழிகளில் ஓடவிடுவார்கள். இந்த வட்டாரத்துப் பிரெத்தோன் மொழிப் பள்ளிக்கூடத்துக்குப் பணம் சேர்க்க ஆரம்பித்த பந்தயம் அது. உள்ளூர் வீரர்களில் முதலாவதாக வருபவருக்கு என்ன பரிசு தெரியுமா? உயிரோடு ஒரு பன்றிக்குட்டி. மேடையில் கோப்பையைத் தூக்குகிற மாதிரி அதைத் தூக்கிக் காட்ட வேண்டும். அது கத்துகிற கத்தலில் பேச்சாளர்கள் சீக்கிரம் முடித்துக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன். நம் கோடை விழாவுக்கும் இந்த ஏற்பாட்டைச் சிபாரிசு செய்யலாம்.

நான் அதிகம் ஓட்டுவது நாந்த் நகரத்திலிருந்து பிரெஸ்த் வரை போகும் கால்வாயின் கரைவழியில். மொத்தம் 360 கிலோமீட்டருக்கு மேல். நெப்போலியன் வெட்டச் சொன்னது. கடல் முழுக்க இங்கிலாந்துக்காரனின் கப்பல் நின்று வழி மறித்ததால், நாட்டுக்குள்ளேயே படகுப் பாதை போட்டுவிடலாம் என்று 1811-இல் ஆரம்பித்தார்கள். முடிந்தது 1842-இல். அதற்குள் நெப்போலியன் செத்து இருபத்தோரு வருடம், இங்கிலாந்தோடு சண்டையும் இல்லை. கொஞ்ச காலத்தில் ரயிலும் வந்துவிட்டது. 1930-இல் நடுவில் ஓர் அணையைக் கட்டிக் கால்வாயை இரண்டு துண்டாக்கியும் விட்டார்கள். அரசாங்கத் திட்டம் என்றால் எங்கேயும் ஒரே ஜாதகம்தான். ஆனால் படகு இழுக்கும் குதிரைகளுக்காகப் போட்ட கரைவழி மிச்சமிருக்கிறது. கெட்டித்த மணலும் பொடி ஜல்லியுமாக, மேடு பள்ளம் அதிகம் இல்லாமல், இரண்டு பக்கமும் மரம். ரோஹானுக்கும் பொந்திவிக்கும் நடுவில் மட்டும் படகை ஏற்றி இறக்கும் மதகுகள் ஐம்பதுக்கும் மேல். ஒவ்வொன்றின் பக்கத்திலும் மதகுக்காரருக்கு ஒரு சின்ன வீடு, வாசல் நிறையப் பூச்செடி.

கரையை விட்டு உள்ளே போனால் வேறு உலகம். இரண்டு பக்கமும் ஆள் உயர மண்கரை, அதன்மேல் கருவாலி மரம், நடுவில் வண்டித்தடம். ஒரு காலத்தில் பிரிட்டனி முழுக்க இப்படித்தானாம். 1950-களிலிருந்து, டிராக்டர் திரும்ப இடம் வேண்டும் என்று துண்டு நிலங்களைச் சேர்த்துக் கரைகளை இடித்துத் தள்ளினார்கள். மரம் போச்சு, மழைத்தண்ணீர் நிற்காமல் ஓட ஆரம்பித்தது. இப்போது அரசாங்கமே காசு கொடுத்து மறுபடியும் கரை போடச் சொல்கிறது.

சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும்தான் திண்டாட்டம். இங்கே கிராமத்தில் டீக்கடை என்று ஒன்று கிடையாது. பன்னிரண்டு மணி அடித்தால் இருக்கிற ஒன்றிரண்டு கடையும் சாத்திவிடும். இரண்டு மணிவரை ஊரே சாப்பிடும். திங்கட்கிழமை பல ஊர்களில் நாள் முழுக்கச் சாத்தியே கிடக்கும். ரொட்டிக்கு மட்டும் சில ஊர்களில் மெஷின் வைத்திருக்கிறார்கள். காசு போட்டால் ஒரு முழ நீள ரொட்டி விழுகிறது. தண்ணீருக்கு எங்கே போவது? இதைச் சித்தியிடம் சொல்லாதீர்கள்: கல்லறைத் தோட்டத்துக்குப் போக வேண்டும். சமாதிமேல் வைத்த பூச்செடிகளுக்கு ஊற்றுவதற்காக ஒவ்வொரு கல்லறைத் தோட்டத்திலும் குழாய் வைத்திருப்பார்கள். இந்த நாட்டில் சைக்கிள் ஓட்டுகிற எல்லாருக்கும் தெரிந்த ரகசியம் இது. குடிக்கக் கூடாத தண்ணீர் என்றால் பலகை போட்டிருக்கும். முதல் தடவை கூட வந்தவர்கள் எல்லாரும் பாட்டிலை நீட்டிக்கொண்டு வரிசையாக உள்ளே போக, நான் மட்டும் கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்தபடி நின்றேன். சுடுகாட்டுக்குப் போய் வந்தால் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் வர வேண்டும் என்பாள் பாட்டி. இவர்கள் அங்கேயே பிடித்துக் குடித்துவிட்டு வருகிறார்கள். கணக்கு ஒருவழியாகச் சரிதான்.

வழியில் ஜோஸ்லன் என்று ஓர் ஊர். ஆற்றங்கரையில் மூன்று பெரிய கோபுரங்களோடு கோட்டை. ரோஹான் என்ற பிரபு குடும்பம் இன்னும் அங்கேயே குடியிருக்கிறது. அந்தக் காலத்துக் குதிரை லாயத்தில் இப்போது பொம்மைக் காட்சி வைத்து டிக்கெட் போடுகிறார்கள். அத்தை வருஷா வருஷம் கொலு வைத்து, வருகிறவர்களுக்குச் சுண்டலும் கொடுத்து நஷ்டப்படுவதை நினைத்துக்கொண்டேன்.

ஜோஸ்லனிலிருந்து ப்ளொயர்மெல் போகும் வழியில் ஒரு நினைவுத்தூண். 1351 மார்ச் மாதம் இரண்டு கோட்டைக்காரர்கள் நாள் குறித்து, பக்கத்துக்கு முப்பது ஆளாக நின்று வெட்டிக்கொண்ட இடம். நடுவில் களைத்துப்போய், இரண்டு கட்சியும் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு மறுபடியும் வெட்டிக்கொண்டதாம். என்னோடு வந்த ஆபீஸ் நண்பர் தொப்பியைக் கழற்றிவிட்டு, “உங்கள் ஊரில் இப்படி உண்டா?” என்றார். சும்மா விடுவேனா? மலையை விட்டு இறங்கினால் செங்கம். அந்தப் பக்கத்தில் எத்தனை நடுகல்! 1972-இலேயே தொல்லியல் அறிஞர் நாகசாமி அவற்றைத் தொகுத்துத் தனிப் புத்தகமாகப் போட்டுவிட்டார். பெரும்பாலும் மாடு கவர்ந்தவனும் மாடு மீட்டவனும் விழுந்த இடங்கள். அதில் எடுத்தனூர்க் கல்லைச் சொன்னேன். மகேந்திரவர்மன் காலம். வீரன் பக்கத்தில் நாயும் நிற்கிறது. கோவிவன் என்று நாயின் பெயரையும் வெட்டி, அது கள்ளனைக் கடித்துக் காவல் நின்ற கதையையும் எழுதி வைத்திருக்கிறார்கள். “உங்களுக்கு அறுபது பேருக்கும் சேர்த்து ஒரு தூண். எங்களிடம் இதற்கு எழுநூறு வருடம் முன்னாலேயே நாய்க்குக் கூடப் பெயரோடு கல்” என்றேன். அதற்குப் பிறகு ப்ளொயர்மெல் வரைக்கும் அவர் பேசவில்லை.

கார்னாக் கற்களிடம் மட்டும் என் வாய் கொஞ்சம் அடங்கியது. கடலோரத்தில் மூவாயிரம் நெடுங்கல், நாலு கிலோமீட்டர் தூரத்துக்கு வரிசை வரிசையாக நிற்கின்றன. வயது ஏறக்குறைய ஆறாயிரம் வருடம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வேலி போட்டுக் காக்கிறார்கள். கோடையில் உள்ளே போக ஆள் கூட வர வேண்டும், குளிர்காலத்தில் சும்மா நடக்கலாம். இத்தனை காவல் இருந்தும், 2023-இல் ஒரு கடை கட்டுவதற்காக 39 சின்னக் கற்களைப் பிடுங்கிவிட்டார்கள் என்று நாடே கொந்தளித்தது. அவை அவ்வளவு பழைய கற்கள்தானா என்று பின்னால் சந்தேகமும் கிளம்பியது. கல் பிரச்சினை என்றால் நம் ஊரைப் போலத்தான்.

ஊர்க்கதை இன்னும் நன்றாக இருக்கிறது. கொர்னெலி என்ற சாமியாரை ரோமாபுரிச் சிப்பாய்கள் கடல்வரைக்கும் துரத்தினார்களாம். அவர் திரும்பிப் பார்த்து எல்லாரையும் கல்லாக்கிவிட்டார். அவர் மூட்டையைச் சுமந்தவை இரண்டு எருதுகள். அதனால் அவர் மாடுகளுக்குக் காவல். மாதாகோயில் முகப்பில் இரண்டு மாட்டுக்கு நடுவில் நிற்கிறார், செப்டம்பரில் திருவிழா. நம் மாட்டுப் பொங்கலன்று கொண்டுவந்து நிறுத்தினால் யாரும் அவரை அன்னியமாகப் பார்க்க மாட்டார்கள். பக்கத்துக் காடுகளில் நம் குள்ளர் வீடு, பாண்டவர் வீடு மாதிரியே கல்திட்டைகளும் உண்டு. ஓரமாகப் பலகைக்கல், மேலே மூடுகல். நம்முடையவை இரும்புக் காலத்தவை. இவர்களுடையவை இரும்பையே அறியாத காலத்தவை. நம் கல்திட்டையில் வட்டமாக ஓட்டை போட்டிருப்பார்களே, அந்த வேலைப்பாடு எனக்கு இங்கே கண்ணில் படவில்லை. ஆடு உள்ளே படுத்திருப்பதையும் பார்க்கவில்லை.

சாப்பாட்டில் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே கருப்பு மாவில் தோசை ஊற்றுகிறார்கள். கோதுமை விளையாத புளிப்பு மண்ணில் ஏழைகள் போட்ட தானியம் அது, கோதுமை இனமே இல்லை. வெண்ணெய் தடவி, நடுவில் முட்டை உடைத்து ஊற்றி, நாலு ஓரத்தையும் மடித்து, பத்து யூரோ வாங்குகிறார்கள். நாம் சாமைச்சோறு தின்கிறோம் என்று பள்ளிக்கூடத்தில் மறைத்த காலம் போய், மெட்ராஸ் கடைகளில் அதே சாமை தங்கப் பாக்கெட்டில் விற்கிறதல்லவா, அந்தக் கதைதான். பயிரிட்டவனுக்கு எவ்வளவு போகிறது என்று இங்கேயும் கேட்டுப் பார்த்தேன். பேச்சை மாற்றிவிட்டார்கள்.

இப்போது முக்கியமான விஷயம். அந்த ஆபீஸ் நண்பர் டிசம்பரில் நம் மலைக்குச் சைக்கிள் ஓட்ட வருகிறார். நம் மலையிலுள்ள காவலூரில் பெரிய தொலைநோக்கி இருக்கிறது, 1988-இல் அங்கிருந்து கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று நான் அளந்ததன் பலன். நம் மலையில் இன்னும் தார் போடாத வழிகள் உண்டு என்றதும் கண்ணில் தண்ணீர் வராத குறை. அப்போதுதான் அந்த வழிகளில் பிரசவ வலி எடுத்தவளை டோலி கட்டித் தூக்கி வந்த கதைகளையும் சொன்னேன். கப்பி ரோடு இனிக்க வேண்டும் என்றால் பக்கத்திலேயே ஒரு தார் ரோடும் ஓடவேண்டும் போலிருக்கிறது. சாப்பாட்டு மேஜையில் அவர் ரொம்ப நேரம் பேசாமல் தயிரைக் கிளறிக்கொண்டிருந்தார். பிறகு, வரலாமா கூடாதா என்று கேட்டார். தாராளமாக வாருங்கள், ஆனால் ஊருக்குள் யாரிடமும் ரோடு மோசமாக இருப்பது அழகு என்று மட்டும் சொல்லாதீர்கள் என்றேன்.

அதனால் அவர் வந்து, “தார் போடாத ரோடு எங்கே?” என்று கேட்டால் மனு வாங்க வந்த அதிகாரி என்று நினைத்து ஊரைக் கூட்டிவிடாதீர்கள். நம் ஊர் டீக்கடையில் உட்காரவையுங்கள், சுடச்சுட டீயைப் பார்த்தால் பாதிக் களைப்பு போய்விடும். சாமைப் பொங்கலும் நம் மலைத்தேனும் கொடுங்கள். அவர் பையில் எனக்காக ஒரு கிலோ சாமை மாவை சித்தி திணித்துவிடட்டும். அவர் சைக்கிள் விமானத்தில் உடைந்துபோனால் உங்கள் வாடகைச் சைக்கிளைத்தான் கேட்பார். பெரிய கேரியர் வைத்த அந்தப் பச்சை ஹெர்குலிஸைக் கொடுங்கள். வாடகையை மட்டும் யூரோவில் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மூத்தவள்