தோட்டத்து வீட்டுக் காலதர்களுக்கு எழினி வகுத்தல்: ஒரு முன்னாய்வு

நெகிரி செம்பிலானில் ரந்தாவ், லாபு, பாகாவ் முதலிய ஊர்களைச் சுற்றி, ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை வந்து நிற்கும் தோட்டங்களின் வீட்டுச் சன்னல்களுக்கு எவ்வகைத் திரை பொருந்தும் என்னும் வினாவைத் தமிழாய்வுலகம் இதுகாறும் எழுப்பியதில்லை. தோட்டத்துப் பெண்கள் அதற்கான விடையை ஆய்வாளரைக் கேளாமலே அறிந்திருந்தமை அதற்குக் காரணமாகலாம். எனினும் விடை தெரிந்த வினாவை ஆராயலாகாது என்று எந்தப் பல்கலைக்கழகமும் விதிக்காமையால் (விதித்திருந்தால் பல துறைகளைப் பூட்ட நேர்ந்திருக்கும்) ஆய்வு தொடர்கிறது.

இங்குக் காலதர் எனப்படுவது சன்னல். எழினி எனப்படுவது திரைச்சீலை, அதாவது கடையில் லங்சீர் என்று கேட்டால் உடனே கிடைப்பது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை மாதவியின் ஆடரங்கிற்கு மூன்று எழினிகளைக் கூறுகிறது: ஒரு பக்கமிருந்து இழுக்கும் ஒருமுக எழினி, இரு பக்கமிருந்தும் வந்து நடுவில் கூடும் பொருமுக எழினி, மேலே மறைந்திருந்து இறங்கும் கரந்துவரல் எழினி. தீபாவளி நெருங்கும்போது குடும்பத்தோடு வேன் பிடித்துப் போய் நீலாய் 3 மொத்த விற்பனைக் கடைகளில் மக்கள் பேரம் பேசுவதும் இம்மூன்றுக்கே ஆதலால், பூம்புகாருக்கும் நீலாய்க்கும் நேரடி வணிகத் தொடர்பு இருந்தமை ஐயமற நிறுவப்பட்டதென்பர் ஒரு சாரார். 1025இல் கடாரத்தின்மேல் படையனுப்பிய இராசேந்திர சோழனின் கப்பல்கள் திரும்பும் வழியில் துணி ஏற்றிச் சென்றன என்பர் மற்றொரு சாரார். வாங்கிய துணிக்கு இரசீது அகப்படாமை ஒன்றே பிற்கூறிய கொள்கையின் குறை.

இனி வகைப்பாடு. இம்மாநிலம் ஒன்பது நாடுகளின் கூட்டமைப்பாக அறியப்படுவது. 1895இல் சுங்கை ஊஜோங், ஜெலபு ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டு விரிந்தது. அவ்வொன்பது எவை என்பதில் வரலாற்றாசிரியர்க்குள்ளேயே ஒற்றுமை இல்லை, ஆயினும் எண்ணில் ஐயமில்லை. ஆகவே காலதர் வகையும் ஒன்பதாக இருந்தே தீரவேண்டும். களத்தில் நான்கே கிடைத்தன. இது களத்தின் குறைபாடு.

முதலாவது, துரை பங்களாவின் வராந்தாத் திறப்பு: மூங்கில் தட்டி போதும், அது கரந்துவரல் எழினி, கயிறு அறுந்தால் கரவாமலும் வரும்.

இரண்டாவது, லயத்து வீட்டின் மரக்கதவுச் சன்னல். லயம் என்பது ஒரே கூரையின் கீழ் சுவரோடு சுவராகச் சேர்ந்த வரிசை வீடு. கதவு உட்புறம் திறப்பதாயின் முழுத்திரை அதில் சிக்கும் என்பதால் பழைய சேலையைக் கிழித்துத் தைத்த அரைத்திரையே ஏற்றது.

மூன்றாவது, நாக்கோ எனப்படும் கண்ணாடிப் பட்டைச் சன்னல். கைப்பிடியை அழுத்தினால் பட்டைகள் எல்லாம் ஒருசேரச் சாய்வது. காற்றடிக்கும்போது துணி பட்டைகளுக்கிடையே புகுந்து வெளியே எட்டிப் பார்ப்பதும், மழைக்குச் சன்னலை மூடுகையில் அங்கேயே அகப்பட்டு நனைவதும் இதன் இயல்பாதலின், திரைத்தண்டு சுவரிலிருந்து ஒரு கையகலம் தள்ளி நிற்கவேண்டும், துணியின் அடிமடிப்பு கனமாக இருக்கவேண்டும், கொசுவம் அழகாக விழத் துணியின் அகலம் சன்னலைப்போல் இருமடங்கு இருக்கவேண்டும். எதிர்வீட்டார் யாரென்பதும் கருதத்தக்கது. பகலில் வெளியே வெளிச்சம் மிகுதியாதலால், லேஸ் துணிக்குப் பின்னிருப்பவர் தாம் காணப்படாமல் எதிர் லயத்தைக் காணலாம். இரவில் உள்ளே விளக்குப் போட்டதும் காண்பவரும் காணப்படுபவரும் இடம் மாறிவிடுவர். இதை அறியாதார் லேஸ் மட்டும் போடுவர். அறிந்தார் அதன்மேல் கெட்டித் துணியும் போடுவர். எதிர்வீட்டார் இரு சாராரையும் அறிவர்.

நான்காவதாகிய அடுப்பங்கரைச் சன்னலே இவ்வாய்வின் உயிர்நிலை. தாளிப்பு தெறிக்கும் இடமாதலால் இங்குச் சன்னலின் கீழ்ப்பாதிக்கு மட்டும், கறை தெரியாத நிறத்தில் ஒருமுக எழினி அமையும். அதைத் தாங்குவது ஸ்பிரிங் கம்பி, அதாவது வெள்ளைப் பிளாஸ்டிக் உறைக்குள் சுருண்டிருந்து, இரு முனைக் கொக்கிகளால் இரு ஆணிகளில் இழுத்து மாட்டப்படுவது. கம்பியின் வெட்டுமுனை துணியைக் கிழிக்கும் என்பதால் அதற்குப் பேனா மூடியைத் தொப்பியாக மாட்டி நுழைப்பது தோட்டத்து மரபு. இவ்வாறு நுழைத்து மாட்டிய கம்பி, நாளடைவில் நடுவே தாழ்வது நடுத்தொய்வு எனப்படும்.

நடுத்தொய்விற்குக் காரணம் கம்பியைச் சன்னலின் அளவிற்கே வெட்டுவது என்பர் ஒரு சாரார். குழந்தைகள் பிடித்துத் தொங்குவது என்பர் மற்றொரு சாரார். ஈரக் கைத்துணியை அதன்மேல் காயப்போடுவது என்பார் மாமியார். தொய்வை அளக்குமிடத்து மாதவியின் அரங்கை அளந்த கோலையே கொள்ளல் தகும். அக்கோல் 24 பெருவிரல். எவர் பெருவிரல் என்பதே சிக்கல். பால்மரம் சீவிக் காய்த்த பெருவிரலால் அளந்தால் தொய்வு குறைகிறது; கணக்கெழுதும் கிராணியின் பெருவிரலால் அளந்தால் கூடுகிறது.

தொய்வு பற்றிய சான்றுகளுள் முந்தியது தோட்டத்துக் கடைப் பற்றுப் புத்தகத்தின் எண்ணெய்க் கறை படிந்த பக்கம். அதில் ஒரு பெயருக்கு நேரே ‘கம்பி’ என்றுமட்டும் உள்ளது. அது திரைக்கம்பி வாங்கிய செய்தியா, கடன்பட்டவர் கம்பி நீட்டிய செய்தியா என்பது இன்றும் முடியாத வழக்கு. அடுத்தது ‘தொய்வியல்’ என்னும் பெருநூல். கடல் கொண்டது என்று சொல்ல வழியில்லை, கடல் போர்ட்டிக்சனோடு நின்றுவிடுகிறது. ஆகவே அதைக் கரையான் கொண்டது. அந்நூலின் அரைச் சூத்திரம் வேறோர் உரையில் மேற்கோளாகப் பிழைத்தது, அவ்வுரையும் மறைந்தது, மறைந்த உரைக்கு எழுந்த மறுப்புரையின் பின்னட்டை மட்டும், அடுப்பங்கரைச் சன்னலின் கண்ணாடி உடைந்த இடத்தில் பசைபோட்டு ஒட்டப்பட்டுக் கிடைத்தது. அதில் எழுத்தில்லை. எழுத்தின்மையைக் கொண்டு அதன் காலத்தைக் கணித்த அறிஞர் இருவரும் ஒருவரையொருவர் மேற்கோள் காட்டியிருப்பதால் முடிவு உறுதியானது. சொற்களை இடம்மாற்றிக் கூட்டிப் பொருள்கொள்ளும் நச்சினார்க்கினியரின் உரை அந்நூலுக்கு வாய்த்திருப்பின், அடுப்பங்கரைக் கம்பியைக் கழற்றிக் கொண்டுபோய் வாசல் சன்னலில் மாட்டி, அதற்கு ‘மாட்டு’ என்றே பெயரிட்டு, தொய்வே இல்லை என்று முடித்திருப்பார்.

தோட்டத்துப் பெண்கள் கண்ட தீர்வு, கம்பியின் நடுவே இன்னோர் ஆணி அடிப்பது. இதனால் தொய்வு நீங்குகிறது. ஆனால் அவ்வாணியைத் தாண்டித் துணியை இழுக்க முடியாமையால் திரையை இரண்டாக வெட்டி இரு பக்கமும் விடவேண்டியிருக்கிறது. எனவே ஒருமுக எழினி ஓர் ஆணியால் பொருமுக எழினி ஆகிறது. இந்நிலைமாற்றத்தைச் சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் கூறாது விட்டமை வியப்பன்று. அவர் காலத்தில் ஆணி விலை என்னவோ.

எஞ்சிய ஐந்து காலதர்களுள் குளியலறைச் சன்னல் கூரையை ஒட்டி இருப்பதால் அதற்குத் திரை வேண்டியதில்லை. மற்ற நான்கும் நிதி ஒதுக்கீடு வந்ததும் கண்டுபிடிக்கப்படும்.