ரோடு அந்தப் பக்கம் இருக்கே, சார்!

மேடவாக்கம், பெரும்பாக்கம், நாவலூர்ப் பக்கத்து அடுக்ககங்களில் பிளாக்குக்கு ஒருவராவது இவர் இருக்கிறார். வயது நாற்பதைத் தொட்டும் தொடாமலும் இருக்கும். சோழிங்கநல்லூரில் கம்ப்யூட்டர் வேலை, ஆறாம் வகுப்பில் ஒரு பிள்ளை, இன்னும் பாதியைத் தாண்டாத வீட்டுக்கடன், மாடிப்படி ஏறினால் லேசாக முழங்கால் வலி. இவ்வளவுக்கும் நடுவில் திடீரென்று ஒருநாள் மலை ஏறும் வண்டி வாங்கிவிடுவார், ஆபீஸ் போக. "வாரநாள்ல ஆபீஸுக்கும் ஆச்சு, சனி ஞாயிறு காட்டுக்கும் ஆச்சு" என்பது வீட்டில் அவர் தாக்கல் செய்த மசோதாவின் முதல் வரி.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். வண்டியின் மேல்பாதி பளபளவென்று இருக்கும். கீழ்ப்பாதியில் சேறு காய்ந்திருக்கும். வாட்டர் வாஷ் கடைப் பையனிடம், "தம்பி, கதவுக்குக் கீழே மட்டும் விட்டுடு" என்பார். பக்தர் முகம் கழுவும்போது நெற்றித் திருநீற்றை விட்டுவிட்டுக் கழுவுவாரே, அந்தப் பக்குவம். சேறு எந்த ஊர்ச் சேறு என்று யாராவது கேட்க மாட்டார்களா என்று லிஃப்டுக்காகக் காத்திருக்கும்போது சாவியைச் சுழற்றிக்கொண்டே நிற்பார்.

மசோதா சட்டமாகப் பல மாதங்கள் பிடித்தன. முதலில் அவர் மனம் வைத்தது தார் மீது. 2020 அக்டோபரில் புது வடிவம் எடுத்து வந்ததிலிருந்து, தமிழ்நாட்டில் தாடி வைத்த ஆண்கள் பாதிப் பேரைப் பிடித்தாட்டும் வண்டி. ஆனால் அதற்குக் கதவு மூன்றுதான், பின்கதவையும் சேர்த்து. பின் இருக்கைக்குப் போக முன் இருக்கையை மடக்கி, குனிந்து, உடம்பைத் திருப்பி நுழைய வேண்டும். மாமியாரை ஒருமுறை ஷோரூமுக்கு அழைத்துப்போனார். அவர் கதவைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், "நான் ஆட்டோவுல வர்றேன் மாப்பிள" என்றார். தார் விவகாரம் அத்துடன் முடிந்தது. ஐந்து கதவு வைத்த தார் ராக்ஸ் அப்போது வந்திருக்கவில்லை; பிறகு வந்ததும் நாலு மீட்டர் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல். அவருக்குப் பேஸ்மென்டில் ஒதுக்கப்பட்ட இடத்தில் தூண் ஒன்று பங்குக்கு நிற்கிறது.

அப்படியாக, 2023 ஜூனில் விற்பனைக்கு வந்த ஐந்து கதவு ஜிம்னியில் வந்து நின்றார். நாலு மீட்டருக்குள் அடங்கும் நீளம், ஒன்றரை லிட்டர் பெட்ரோல் எஞ்சின், நூற்றைந்து குதிரைத்திறன், நாலு சக்கரத்துக்கும் விசை. அன்று முதல் அவர் ஒரு வண்டியின் உரிமையாளர் என்பதைவிட ஒரு வம்சத்தின் வரலாற்றாசிரியர். யாராவது வாய்தவறி "சின்ன வண்டியா இருக்கே" என்று சொல்லிவிட்டால் போதும், 1970க்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். ஹோப் என்ற சின்னக் கம்பெனியிடமிருந்து வடிவமைப்பை சுசுகி வாங்கியது, எல்.ஜே.10 என்ற பெயரில் 359 சிசி இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினை வைத்து மலையேற்றியது, அந்த வம்சத்தின் வாரிசுதான் 1985இல் நம் ஊருக்கு ஜிப்ஸியாக வந்து ராணுவத்தில் சேர்ந்தது என்று வரிசையாக வரும். கேட்டவருக்கு பஸ் போய்விடும். ஜிப்ஸியின் ராணுவ சேவையைச் சொல்லும்போது அவர் முதுகு தானாக நிமிர்வதைக் கவனித்திருக்கிறேன். சியாச்சினில் இவரே காவல் நின்றது போல ஒரு நிமிர்வு.

அந்த வரலாற்றில் அவரை வாட்டும் அத்தியாயம் ஒன்றும் உண்டு. ஜிம்னி வந்த ஆண்டின் கடைசியிலேயே இங்கே லட்சக்கணக்கில் தள்ளுபடி கொடுத்து விற்றார்கள். அதே வண்டி இந்தியாவில் செய்யப்பட்டு, 2025 ஜனவரியில் நோமேட் என்ற பெயரில் ஜப்பான் போனது. சில நாட்களில் ஐம்பதாயிரம் பேர் பதிவு செய்ய, புதிய பதிவுகளையே நிறுத்தி வைத்தார்கள். "பார்த்தீங்களா, அவனுக்குத் தெரியுது இதோட அருமை" என்பார். தள்ளுபடி வருவதற்கு முன்பே முழு விலை கொடுத்து வாங்கியவர் அவர். ஜப்பான்காரனின் ஆர்வத்தில் அவருக்கு ஆறுதல் கிடைக்கிறது என்றால் நாம் ஏன் கெடுக்க வேண்டும்?

உலகத்தை அவர் இப்போது டிகிரியில் பார்க்கிறார். முன்பக்கம் இடிக்காமல் ஏற 36, வயிறு தட்டாமல் தாண்ட 24, பின்பக்கம் உரசாமல் இறங்க 50. தரையிலிருந்து வயிற்றுக்கு 210 மில்லிமீட்டர். பேஸ்மென்ட் சரிவைப் பார்த்தால் மனத்துக்குள் கோணமானி விரியும். குலதெய்வக் கோயில் படிக்கட்டின் முன் நின்று, "இது ஏறிடும்" என்று முணுமுணுத்தார். கூட நின்ற மனைவி விளக்கை ஏற்றச் சொல்கிறார் என்று நினைத்து, "முதல்ல எண்ணெயை ஊத்துங்க" என்றார்.

மனைவியின் எண்கள் வேறு. பின் இருக்கை நிமிர்ந்திருக்கும்போது சாமான் வைக்க 208 லிட்டர் இடம்; அரிசி மூட்டை ஒன்று, காய்கறிப் பை இரண்டு வைத்தால் பிள்ளையின் ஸ்கூல் பை மடியில்தான். பின்கதவு மேலே தூக்குவதில்லை. ஸ்டெப்னியைச் சுமந்துகொண்டு பக்கவாட்டில் திறக்கிறது. பின்னால் எவனாவது ஒட்டி நிறுத்திவிட்டால் தக்காளி உள்ளே, நாம் வெளியே. இதை அந்தம்மா சொல்லும்போதெல்லாம் அவர், "ரூஃப் கேரியர் போட்டுக்கலாம்மா" என்பார். தக்காளியைக் கூரையில் கட்டும் யோசனையை அந்தம்மா இன்னும் பரிசீலிக்கவில்லை.

சரி, ஆபீஸ் போகும் வைபவத்துக்கு வருவோம். ஓ.எம்.ஆரில் மெட்ரோ வேலை நடக்கிறது. தூண்கள், தடுப்புகள், இரும்புத் தகடு மூடிய பள்ளங்கள், நேற்று இருந்து இன்று காணாமல் போகும் யூ-டர்ன்கள். வண்டியை வடிவமைத்த ஜப்பான்காரர் இந்தச் சாலையைப் பார்த்திருந்தால் கண்ணீர் மல்கியிருப்பார். ஆனால் நம்மவர் இங்கே காட்டும் நிதானம் புதுமணப்பெண் தோற்றுப்போகும் நிதானம். பள்ளத்துக்கு முன் பிரேக் போடுவார், சுற்றிப் போவார், பின்னால் ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்தாலும் அசைய மாட்டார். "புது சஸ்பென்ஷன்" என்பார். பள்ளத்துக்காக மாநகராட்சியைத் திட்டி, பெயர் போடாமல் பதிவும் எழுதுவார். திங்கள் முதல் வெள்ளி வரை பள்ளம் நிர்வாகச் சீர்கேடு. சனிக்கிழமை விடிந்தால், அதே ஆழத்துப் பள்ளத்தைத் தேடி எண்பது கிலோமீட்டர் போவார், சுங்கச்சாவடியில் காசும் கட்டி.

வண்டியில் இருக்கும் இரண்டாவது கியர் லீவர்தான் அதன் ஆத்மா. 2எச், 4எச், 4எல். முதலாவதில் பின்சக்கரம் மட்டும், இரண்டாவதில் நாலும், மூன்றாவதில் நாலும் சேர்ந்து நிதானமாக, முரட்டு பலத்தோடு. தொட்டுக் காட்டுவார், போட்டுக் காட்ட மாட்டார். காய்ந்த தார்ச்சாலையில் போடவும் கூடாது. திரும்பும்போது முன்சக்கரங்கள் பெரிய வட்டம் போக வேண்டும், பின்சக்கரங்கள் சின்ன வட்டம். இரண்டையும் ஒரே வேகத்தில் சுற்று என்று கட்டிப்போட்டால் நடுவில் இருக்கும் தண்டும் பல்சக்கரங்களும் முறுக்கிக்கொள்ளும். வழுக்கும் மண்ணில் சக்கரம் கொஞ்சம் சறுக்கிச் சமாளித்துக்கொள்ளும். தாரில் அதற்கு இடமில்லை. இதை அவர் எனக்கு விளக்கியபோது நிஜமாகவே நன்றாக விளக்கினார், தட்டில் இரண்டு இட்லியை வைத்து. கடைசியில், "அப்போ ஆபீஸ் போறப்போ இந்த லீவர் எதுக்கு?" என்றேன். இட்லியைச் சாப்பிட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு வண்டி சும்மா இருக்குமா? மாதம் ஒரு சாமான் வரும். காற்றடிக்கும் சின்ன கம்ப்ரஸர், இழுவைப் பட்டை, ஷேக்கிள், மணலில் புதைந்தால் சக்கரத்துக்கு அடியில் போட ஆரஞ்சுத் தகடு, கூரையில் விளக்கு வரிசை. முன்னால் புல்பார் மாட்ட ஆசைப்பட்டார். அதை மத்திய அரசு 2017லேயே கூடாது என்று சொல்லிவிட்டதாக யாரோ சொன்னதால் பிழைத்தோம். அப்புறம் வந்தது ஸ்நார்க்கல். பானட் ஓரமாகக் கிளம்பி கூரை வரை நிமிர்ந்து நிற்கும் கறுப்புக் குழாய். வாட்ச்மேன் தாத்தா சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"சார், புகைக்குழாயை மேலே மாத்திட்டீங்களா?"

"இல்ல பெரியவரே, இது மூக்கு. தண்ணிக்குள்ள போனா மேலேர்ந்து மூச்சு இழுத்துக்கும்."

"எந்தத் தண்ணிக்குள்ள சார்?"

அதற்கு அவரிடம் பதில் இல்லை. அப்போது சித்திரை மாதம்.

சனிக்கிழமைப் படையெடுப்பு விடிகாலை நாலு மணிக்குப் புறப்படும். ஐந்தாறு வண்டிகள், வண்டிக்கு ஒரு வாக்கிடாக்கி. "லீட் டு டெயில், லீட் டு டெயில், முன்னாடி மாடு, ஓவர்." செங்கல்பட்டு தாண்டியதும் பொங்கல் வடைக்கு ஒரு மணிநேரம், பயணத்தின் ஒரே திட்டமிட்ட பகுதி இதுதான், ஒருமுறைகூடத் தவறியதில்லை. பிறகு பாலாற்றுப் படுகையோ, வற்றிய ஏரியோ. காட்டுக்குள் போகலாமே என்றால் அது காப்புக்காடு. அனுமதியில்லாமல் நுழைந்தால் வனத்துறைக்காரர் அபராதச் சீட்டோடு வருவார். கடற்கரை என்றால் ஜனவரியிலிருந்து ஆமைகள் முட்டையிட வருகின்றன. அதை இவர்களில் விவரம் தெரிந்தவர்கள் தொடுவதில்லை. தெரியாதவர்களை மீனவர்கள் திருத்துகிறார்கள். ஆக மிச்சம் ஏரிதான்.

ஏரியில் இறங்கியதும் சடங்கு. சக்கரத்தில் காற்றைப் பாதியாகக் குறைப்பார்கள். டயர் தட்டையாகி மணலில் அகலமாக உட்கார்ந்தால் புதையாது. 4எல் விழும். மெல்ல நகரும். அந்த நிமிடத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். மதிப்பீட்டுக் கூட்டம், கடன் தவணை, முழங்கால் எதுவும் அந்த முகத்தில் இல்லை. நான் கேலி செய்யத்தான் போனேன், அந்த முகத்தைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் வாய் வரவில்லை.

கொஞ்ச நேரம்தான். மேலே காய்ந்து கீழே ஈரமாக இருந்த களிமண் பொருக்கில் வண்டி உட்கார்ந்தது. களிமண்ணுக்கு மணலின் சட்டம் பொருந்தாது. அது டயரின் பள்ளங்களை நிரப்பி வழவழப்பாக்கிவிடும், நாலு சக்கரமும் நாலு திசைக்கும் சேற்றை வாரி இறைக்கும். அவர் மேலும் மிதிக்க, மேலும் இறங்கியது. ஆரஞ்சுத் தகடு வந்தது, தகடும் புதைந்தது. இழுக்க வந்த வண்டி பக்கத்திலேயே அமர்ந்தது. வாக்கிடாக்கியில் ஒரே அமைதி.

அப்போது அந்த வழியாக ஒரு டி.வி.எஸ். எக்ஸ்.எல். வந்தது. முன்னால் புல்லுக்கட்டு, பின்னால் ஒரு பெண்மணி, நடுவில் லுங்கி மடித்த பெரியவர். எங்கே தரை கெட்டி என்று அந்த வண்டிக்கே தெரியும் போலிருக்கிறது. வளைந்து, நெளிந்து, புதைந்த இரண்டு வண்டிகளுக்கும் நடுவே போய், திரும்பி வந்து நின்றது.

"என்ன சார், வழி தப்பிட்டீங்களா?"

"இல்லண்ணே. சும்மா, வண்டி ஓட்டத்தான் வந்தோம்."

பெரியவர் கரையைக் கை காட்டினார். "ரோடு அந்தப் பக்கம் இருக்கே, சார்!"

அவருடைய மச்சான் டிராக்டர் வந்தது. டிராக்டர் இழுத்தது. கூலி கேட்பதற்கு முன் மச்சான் வண்டிகளைச் சுற்றிப் பார்த்தார், கூரை விளக்குகளை எண்ணினார், பிறகுதான் தொகையைச் சொன்னார். விளக்குக்கு இவ்வளவு என்று போட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

இப்படியே சொல்லிக்கொண்டு போனால் அவருக்கு அநியாயம் செய்தவனாவேன். ஆண்டில் சில நாட்கள் அவருடையவை. ஐப்பசி பிறந்து, வங்கக்கடலில் ஏதாவது சுழல ஆரம்பித்தால், 2015 வெள்ளத்தையும் மிக்ஜாம் புயலையும் பார்த்த வேளச்சேரிக்காரர்கள் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்துவார்கள். எல்லோரும் வண்டியை ஒளித்துவைக்கும் நேரத்தில் இவர் சாவியை எடுப்பார். அதுவரை அவர் வண்டியை 'பொம்மை ஜீப்பு' என்று சொன்ன அடுக்ககச் சங்கச் செயலாளர் வந்து, "சார், 3பி பாட்டிக்கு டயாலிசிஸ்..." என்று இழுப்பார். ஏற முக்காலி போட்டு, பாட்டியைத் தூக்கி உட்காரவைத்து, தண்ணீரில் நடைவேகத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பார். வேகமாகப் போனால் எழும்பும் அலை பக்கத்து வீடுகளுக்குள் ஏறும் என்பதைத் தெருக்காரர்கள் முதல் மழையிலேயே தெளிவான மொழியில் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். திரும்பும்போது பால் பாக்கெட், மெழுகுவத்தி, பிளாக் முழுவதற்கும் ரொட்டி. அந்த இரண்டு நாள் வாட்ச்மேன் தாத்தா அவருக்கு சல்யூட் வைப்பார். ஸ்நார்க்கலுக்கும் தனியாக ஒன்று.

மழை வடிந்த நாலாம் நாள் அவருக்குப் பெரிய சந்தர்ப்பம் ஒன்று வந்தது. பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீர் லாரி எங்கள் வாசலில், குழாய்க்காகத் தோண்டி அரைகுறையாய் மூடியிருந்த பள்ளத்தில் பின்சக்கரத்தை விட்டுவிட்டது. அடுக்ககம் முழுக்க பால்கனியில். இவர் பட்டையோடு இறங்கினார். ஷேக்கிளை மாட்டினார். பட்டை அறுந்தால் ஆள் போய்விடும், எல்லோரும் தள்ளி நில்லுங்கள் என்று முறையாக எச்சரித்தார். வண்டியில் ஏறி, லீவரை 4எல்லில் தள்ளினார். பன்னிரண்டு டன் தண்ணீர், அதைத் தாங்கும் லாரி ஒருபக்கம். ஆயிரத்து இருநூறு கிலோ வண்டி மறுபக்கம். ஈர சிமென்ட் தரையில் நாலு சக்கரமும் அழகாகச் சுற்றின.

லாரி டிரைவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். "அண்ணே, கோச்சுக்காதீங்க. ஜேசிபிக்குச் சொல்லியிருக்கேன். உங்க வண்டிய எடுத்தீங்கன்னா அது உள்ள வந்துரும்."

ஜேசிபி வந்தது, ஒரே தள்ளில் லாரியை மேலே ஏற்றிவிட்டுப் போனது. அன்று இரவு அவர் போனில் வெகுநேரம் எதையோ படித்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்த மனைவி, போனில் மஞ்சள் நிறமாக எதையோ கண்டதும் விளக்கை அணைத்துவிட்டுச் சொன்னார்: "ஏங்க, அது நம்ம பேஸ்மென்ட்ல நிக்காது."